முந்திரிக்குக் கிடைத்த வால் பதவி

எங்கள் வீட்டுக்காரருக்கு அவருடைய கூட்டாளிகள் வைத்த பெயர் முந்திரி. முதலில் முந்திரிக்கொட்டை என்று முழுசாகத்தான் வைத்தார்களாம். பிறகு போனால் போகிறதென்று சுருக்கிவிட்டார்கள். வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நான் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் இவரிடமிருந்து பதில் வந்துவிடும், அதுவும் வேறு எதற்கோ பதில். சினிமாவுக்குப் போனால் படம் முடிவதற்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார், நெரிசல் வருவதற்குள் வண்டியை எடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் நான் முடிவு தெரிந்து பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற மனுஷன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கேட்டால், படியேறுவது முட்டிக்கு நல்லது என்பார். உண்மை வேறு. வீடு பார்க்கப் போன அன்றைக்கு அவர் மாடிக்கே வரவில்லை. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து டேப் வைத்து அளந்தார், மோட்டார் சைக்கிள் நிற்குமா என்று பார்த்தார், நல்ல வீடு என்று சொல்லிவிட்டார். சமையலறையில் ஜன்னல் இல்லை என்பதைக் குடிவந்த பிறகு நான்தான் கண்டுபிடித்தேன். அந்த ஜன்னலில்லாத சமையலறையில் தட்டு கவிழ்த்து வைக்கிற கூடையில் பாதி நாள் கார்புரேட்டர் காய்ந்துகொண்டிருக்கும்.

அவரை முதன்முதலில் பார்த்ததே ஒரு லிஃப்டில்தான். நான் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். அன்றைக்கு ரத்தக் குழாய்கள் அடுக்கிய தட்டோடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனேன். யாரோ கதவை நெம்பித் திறந்தார்கள். மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பயப்படாதீங்க என்று சொல்லுமென்று பார்த்தால், தட்டை முதலில் கொடுங்க என்றது. தட்டு பத்திரமாக வெளியேறியது, பிறகுதான் நான். அந்தப் பொறுப்புணர்ச்சியில் நான் மயங்கிவிட்டதாக அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். நான் மயங்கியது, சாயங்காலம் அவர் என்னை வீட்டில் கொண்டுவிட்ட வண்டியில். பஸ்ஸில் இடிபட்டு, மிதிபட்டுப் போகிற வழியை மனுஷன் காற்றாகக் கடந்தார். நான் வழி முழுக்கக் கத்திக்கொண்டே போனேன். இறங்கியதும், நாளைக்கும் வருவீங்களா என்று நானே கேட்டேன். வெட்கமாவது ஒன்றாவது.

அந்தக் காலத்தில் அவர் பந்தயமும் ஓட்டிக்கொண்டிருந்தார். பந்தயம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஊருக்கு வெளியே விமானம் வருவது நின்றுபோன ஒரு பழைய ஓடுதளம். அதில் தேய்ந்த டயர்களை அடுக்கி வளைவுகள் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக்குகளும் பெயின்டர்களும் பேங்க் குமாஸ்தாக்களும் ஓட்டுவார்கள். வேகத்தில் இவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் கிளம்புவதில்தான். கொடி இறங்கிய பிறகு வண்டி நகர வேண்டும். கொடி பிடிக்கிறவரின் தோள்பட்டை அசைந்தாலே இவர் வண்டி கோட்டைத் தாண்டியிருக்கும். முந்திக் கிளம்பியதற்காகவே இவரைப் பலமுறை கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஒரே ஒருமுறை முதலாவதாக வந்தார். அதிலும் முன்சக்கரம் ஒரு சாண் முன்னதாக நகர்ந்துவிட்டதென்று ரத்து செய்துவிட்டார்கள். நான் ஜெயிச்சவன் என்று அவர் ஆரம்பித்தால், ஜெயித்தது வாஸ்தவம்தான், கோப்பை மட்டும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது என்று நான் முடித்து வைப்பேன். எங்கள் மகள் பிறந்த வாரத்தில் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்து நின்றார். குழந்தையைத் தூக்கக் கை இல்லை. அன்றோடு பந்தயத்தை அவராகவே விட்டுவிட்டார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு ஆசை மட்டும் போகவில்லை. கடல் கடந்து எங்கோ ஒரு நாட்டில், மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி. ஏரியைச் சுற்றி ஒரு பழைய பந்தயப் பாதை. இப்போது அங்கே பெரிய பந்தயங்கள் நடப்பதில்லை. சாயங்காலத்தில் சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஒரு சுற்று ஓட்டலாம். வாலிப வயதில் ஏதோ பத்திரிகையில் அந்தப் பாதையின் படத்தைப் பார்த்தவருக்கு அதன் வளைவுகள் எல்லாம் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து இடதும் வலதுமாகச் சாய்வார். தூக்கத்தில் விழப்போகிறாரென்று ஓடி வந்து பிடித்தால், பேசாதே, ஏரிக்கரை வளைவில் இருக்கிறேன் என்பார். சிரிப்பாகத்தான் இருக்கும். சில நாள் பாவமாக இருக்கும். ஒரு மனுஷன் வாழ்க்கையில் கேட்பது ஒரு சுற்று. அதுகூடக் கிடைக்காமல் போய்விடுமோ என்றிருக்கும்.

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதை சின்னது. ஐம்பதை நெருங்கும்போது இடுப்பு மக்கர் செய்தது. டாக்டர், இனிமேல் பின்சீட்டில் உட்காரவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி என்று முன்சீட்டுக்குப் போய்விட்டேன். இவரிடம் கற்றிருந்தால் குடும்பம் இரண்டாகியிருக்கும், அதனால் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். உரிமம் வாங்கிய அன்று இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவரை போய் வந்தேன். பந்தய வீரர் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டும்போது நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். மகள் போனில், அம்மா, நீ கிளம்பினதும் சொல்லு, நாளைக்குத்தானே வந்து சேருவே, அப்போ வாசல்ல வந்து நிக்கறேன் என்று கிண்டல் செய்வாள்.

எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுக்கு மோட்டார் சைக்கிள் பயணம் போவார். அங்கே போய் வாடகைக்கு வண்டி எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் ஏரிப் பாதை வழியாகப் போகிறோம் என்று அவர் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. நானும் வருகிறேன் என்றேன், ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். பயணம் முடிகிறவரை இவர் என்னை முந்தக் கூடாது.

பேக்கரிக்காரர் கைதட்டிச் சிரித்தார். முந்திரிக்கு வால் பதவி கொடுத்துவிடலாம் என்றார். அவர்கள் கூட்டமாக ஓட்டுகிற முறை அப்படி. பேக்கரிக்காரர் முதலில் போவார். ஒரு திருப்பம் வந்தால் அவருக்கு அடுத்தபடியாக வருகிறவர் அங்கேயே நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழி காட்ட வேண்டும். எல்லாருக்கும் கடைசியில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அவர்தான் வால். மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் திருப்பத்தில் நிற்கிறவர் வண்டியை எடுத்து அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். மஞ்சள் வராமல் நகரக் கூடாது; வால் யாரையும் முந்தக் கூடாது. இரண்டே விதி. இந்த விதி இருந்தால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், ஒருவரும் தொலைய மாட்டார்கள். வழியில் வண்டி படுத்துவிட்டால் பழுது பார்க்கத் தெரிந்தவர் வாலாக இருப்பது நல்லது, அதனால் பதவி இவருக்கே பொருந்தும் என்றார் பேக்கரிக்காரர்.

பதவி ஏற்ற முதல் நாளே மானம் போனது. ஊருக்கு வெளியே ஒத்திகை ஓட்டினோம். நீளமாக, காலியாக ஒரு சாலையைப் பார்த்ததும் இவருக்குக் கை அரித்திருக்கிறது. மஞ்சள் சட்டையோடு பாதிப் பேரை முந்திக்கொண்டு போய்விட்டார். திருப்பத்தில் நின்றவர்கள் மஞ்சளைப் பார்த்ததும், சரி, எல்லாரும் வந்தாயிற்று என்று கிளம்பிவிட்டார்கள். பின்னால் வந்த நாங்கள் வழி தெரியாமல் ஒரு சிமென்ட் கிடங்குக்குள் போய், காவலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம். பேக்கரிக்காரர் இவரைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தரம் நடந்தால் பயணம் கிடையாது என்று சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இனிமே உன்னை முந்த மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

பயணம் அருமையாகத்தான் போனது. வாடகைக் கடையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிற வண்டி, ஒரே மாதிரி சாம்பல் நிற மழைக்கோட்டு கொடுத்திருந்தார்கள். குகைப் பாதைகளுக்குள் நுழைந்து வெளியே வரும்போது கண் கூசும். புல்வெளி வாசனை, ஈர மண் வாசனை, ஏதோ பட்டறையின் மரத்தூள் வாசனை என்று மாறி மாறி வரும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் முன்பின் தெரியாத எங்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டுப் போவார்கள். முதல் நாள் எனக்கு அது புரியாமல், ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று பயந்து வண்டியை ஓரம் கட்டினேன். பிறகு நானும் கையை உயர்த்த ஆரம்பித்தேன். அப்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொன்னால் பரிசோதனை நிலையத்தில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இவரும் நல்ல பிள்ளையாகக் கடைசியிலேயே வந்தார்.

ஏரிப் பாதைக்குப் போகிற நாள் வந்தது. அது குளிர்காலத்துக்காக மூடுவதற்கு முந்தைய கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் இனி அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நாங்கள் எங்கே, அந்த ஏரி எங்கே. காலையில் இவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. மத்தியானம் மலைச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மழைக்கோட்டை மாட்டினோம். அதற்குப் பிறகு ஏரிவரை இருந்தது ஒரே ஒரு முச்சந்தி, அதில் வழி காட்ட நிற்கிற முறை எனக்கு வந்தது. அங்கே ஒரு பஸ் நிழற்குடை. வண்டியை அதன் பின்சுவரோரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கூரைக்கு அடியில் நின்று கையைக் காட்டினேன். சாம்பல் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. முகம் ஒன்றும் தெரியவில்லை. எங்களோடு வந்த பல் டாக்டர் மட்டும் என் பக்கத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதே தெரியவில்லையாம். துடைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் கிளம்பவும், பின்னாலேயே ஒரு வண்டி வந்து திரும்பவும் சரியாக இருந்தது.

அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த விதத்தை ஆயிரம் பேருக்கு நடுவில் நான் அடையாளம் சொல்வேன். வளைவில் முட்டியை அப்படி அகட்டி வைக்கிறவர் வேறு யார். எங்கள் வீட்டுக்காரரேதான். ஆனால் மஞ்சள் சட்டை இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்விட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஏரி பக்கத்தில் வந்துவிட்டது, மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, மஞ்சள் சட்டையை எவர் தலையிலோ கட்டிவிட்டு முந்திக்கொண்டு ஓடுகிறார். செய்த சத்தியமெல்லாம் அவ்வளவுதான். சரி, சட்டையை வாங்கிக்கொண்ட அந்த அப்பாவி வரட்டும் என்று நின்றேன். யாரும் வரவில்லை. மழை விட்டது. ஒரு பஸ் வந்து எனக்காகக் கதவைத் திறந்தது, வேண்டாமென்று தலையாட்டினேன். கைப்பேசியை நனைந்துவிடுமென்று இவர் வண்டிப் பெட்டியில் போட்டிருந்தேன். மஞ்சள் வராமல் நகரக் கூடாது என்பது விதி. முந்திரியின் பெண்டாட்டியும் விதியை மீறினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இவர் வந்தால் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். நடுவில் கொஞ்சம் அழுகையும் வந்தது, பொய் சொல்வானேன். இவருக்கு என்னைவிட அந்த ஒரு சுற்று பெரிசாகப் போய்விட்டதா என்றுதான் அழுதேன்.

கடைசியில் மஞ்சள் வந்தது. வர வேண்டிய பக்கத்திலிருந்து வரவில்லை, எல்லாரும் போன பக்கத்திலிருந்து வந்தது. மழைக்கோட்டைக் கழற்றிவிட்டிருந்தார். கோட்டுக்கு அடியில் சட்டை முழு நாளும் அவர் உடம்பில்தான் இருந்திருக்கிறது.

ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. நான் வரிசைப்படுத்தி வைத்ததில் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"மழைக்கோட்ட சட்டைக்கு மேல போட்டுட்டேன். யோசிக்கல," என்றார். "ஒரு வண்டி இங்கருந்து கெளம்புச்சு. நீதான்னு நெனச்சு பின்னாலயே போனேன். ஏரிப் பாதை கேட்டு வாசல்ல ஹெல்மெட்ட எடுத்தா, பல் டாக்டரு."

"நான் இங்கதானே நின்னேன்?"

"பஸ்ஸுக்கு நிக்கிற யாரோ ஒரு அம்மான்னு நெனச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. இந்த மனுஷன் மலைச் சாலை முழுக்க, நான்தான் என்று நினைத்துக்கொண்டு, பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் முந்தாமல், ஹாரன் அடிக்காமல், பூனை மாதிரி போயிருக்கிறார். பின்னாலே பல் டாக்டர் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. வாசலில் என்னைக் காணவில்லை என்றதும் பேக்கரிக்காரர், நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்கள் உள்ளே போங்கள் என்று சொன்னாராம். சொல்லி முடிப்பதற்குள் இவர் வண்டி திரும்பிவிட்டதாம்.

மணி என்ன என்று கேட்டேன். நாலே கால். அங்கே போய்ச் சேர, நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

"நீங்க போங்க. நீங்க போனா அரை மணி நேரத்துல போயிடலாம். நான் மெதுவா வந்து சேர்றேன்."

அவர் மழைக்கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வால் முன்னாடி போகாது. நீ எடு. பின்னாலயே வரேன்."

கெஞ்சினேன், திட்டினேன். மனுஷன் அசையவில்லை. வேறு வழியில்லை என்று எனக்கு உறைத்தது. இவருக்கு அந்தச் சுற்று கிடைக்க வேண்டுமானால் நான்தான் வேகமாக ஓட்டியாக வேண்டும்.

வண்டியை எடுத்தேன். முதல் வளைவில் வழக்கம்போல பிரேக்கைப் பிடித்தேன். இரண்டாவதில் பாதி பிடித்தேன். பிறகு பயிற்சிப் பள்ளியில் நூறு தடவை சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது: சாலையைப் பார்க்காதே, வளைவின் முடிவைப் பார். பார்த்தேன். வண்டி தானாகச் சாய்ந்தது. பயம்தான், ஆனால் நல்ல பயம். ஒரு பால் லாரி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. என் வாழ்க்கையில் நான் முந்திய முதல் லாரி அதுதான். வலதும் இடதும் சாய்ந்து சாய்ந்து ஒரு கட்டத்தில் நான் உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன். அட, இதற்காகத்தானா இந்த மனுஷன் இத்தனை வருஷம் பைத்தியமாகத் திரிந்தார். யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் மஞ்சள் சட்டை அதே தூரத்தில் இருந்தது.

ஏரி தெரிந்தபோது ஐந்துக்குச் சில நிமிஷம் பாக்கி. கதவருகே ஒரு பெண் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் அவளைச் சூழ்ந்து நின்று வழியை மறித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள், ஒரு விரலைக் காட்டினாள். ஒருவர், ஒரு சுற்று. நான் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். இவர் என்னைத் தாண்டி உள்ளே போனார்.

நாங்கள் வேலியோரம் ஓடிப் போய் நின்றோம். ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து என்ஜின் அலறப்போகிறது என்று பல் டாக்டர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றார். ஒரு சத்தமும் வரவில்லை. விழுந்துவிட்டாரோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து தாண்டிவிட்டது. அந்தப் பெண் சங்கிலியைத் தரையில் தட்டிக்கொண்டு எங்களை முறைத்தாள். வண்டி ஏதோ கோளாறு என்றார் பேக்கரிக்காரர்.

அப்புறம் ஏரிக்கரை வளைவில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. நடந்து போகிறவர் எட்டி வைத்தால் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஏரியை ஒரு பார்வை, மலையை ஒரு பார்வை, வளைவின் ஓரத்துக் கல்லை ஒரு பார்வை என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே வெளி ஓரமாகவே போய், நீட்டி நீட்டித் திரும்பினார். முடிவுக் கோட்டுக்கு முன்னால் வந்ததும் இன்னும் மெதுவாக்கினார், கிட்டத்தட்ட நின்றேவிட்டார்.

வெளியே வந்தவரிடம் ஓடினேன். வண்டி மக்கர் பண்ணியதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஒரே ஒரு சுத்துதானே," என்றார். "வேகமாப் போனா முடிஞ்சிடும்ல."